பெட்ரோல் மர அறுவை மிஷின்: கோளாறு தெரிந்தவுடன் கை எங்கே போக வேண்டும்

நான்கு வருடத்துக்கு முன் கோனாபட்டுப் பக்கம் ஒரு தோப்பில் வாகைக் கட்டை அறுத்துக்கொண்டிருந்தேன். பாதி அறுப்பில் 'டப்' என்று ஒரு சத்தம். பிளேடு, அதாவது இரண்டு சக்கரத்தில் வளையமாகச் சுற்றும் பட்டை ரம்பம், சக்கரத்தை விட்டு இறங்கிவிட்டது. த்ராட்டிலை (இஞ்சின் வேகத்தைக் கூட்டும் பிடி) விட்டேன், இஞ்சின் தணிந்தது, உடனே மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டேன். சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இடது கை ஆள்காட்டி விரலில் ஆறு தையல். இன்றும் மழை நாளில் அந்த விரல் மரத்துப் போகும்.

இந்த மிஷின் ஒழுங்காக ஓடும்வரை நாம் பின்னால் நின்று வண்டியைத் தள்ளுகிறோம். கை பிளேடை விட்டு எட்டவே இருக்கிறது. கோளாறு வந்தால்தான் கை உள்ளே போகிறது. அதனால் கோளாறு பார்க்கும் முறையைச் சொல்லாமல் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்று நினைக்கிறேன். எந்தக் கோளாறானாலும் முதல் வேலை ஒன்றுதான். த்ராட்டிலை விடுங்கள், சுவிட்சை அணையுங்கள், இரண்டு சக்கரமும் நின்றுவிட்டதைக் கண்ணால் பாருங்கள், ஸ்பார்க் பிளக் மேலிருக்கும் கேப்பைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள், தோல் கையுறை போடுங்கள். அதற்குப் பிறகு மூடியைத் திறக்கலாம். இதை 'நிறுத்தம்' என்று எங்கள் ஆட்களுக்குப் பழக்கியிருக்கிறேன். கீழே 'நிறுத்தம்' என்று நான் எழுதும் இடத்திலெல்லாம் இந்த ஐந்தும் வரிசையாக நடந்தாக வேண்டும்.

நான் சொல்வது தண்டவாளத்தின் மேல் வண்டி ஓடி, இரண்டு சக்கரத்தில் வளையமாகச் சுற்றும் பட்டை ரம்பத்தால் படுக்கையாக அறுக்கும் வகை. என்னுடையது 389 சிசி ஒற்றைச் சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின். செட்டிநாட்டில் இதற்கு வேலை அதிகம். பெரிய வீட்டுப் பின்கட்டிலும் தோப்பிலும் விழும் மரத்தை லாரியில் ஏற்றுவது லேசில்லை. 60 செ.மீ. விட்டம், 3 மீட்டர் நீளமுள்ள பச்சைக் கட்டை ஒன்றே சுமார் 850 கிலோ வரும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்துப் புதுக்கோட்டைப் பக்கம் பலாவும் தென்னையும் சாய்ந்து கிடந்தபோதுதான், மரம் கிடக்கும் இடத்துக்கே மிஷினைக் கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது. உங்கள் ஊரில் இதை ஓட்ட என்ன உரிமம் வேண்டும் என்பதை வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

கயிறு இழுத்துக் கை ஓய்ந்தும் இஞ்சின் எடுக்கவில்லை

சுவிட்ச், பெட்ரோல் குழாய், சோக் மூன்றையும் பார்த்துவிட்டு உடனே ஆயில் அளவைப் பாருங்கள். இந்த வகை இஞ்சின் பலவற்றில் ஆயில் குறைந்தால் நெருப்புப் பொறியையே நிறுத்திவிடும் சென்சார் இருக்கிறது. சரிவான தரையில் நிறுத்தியிருந்தால் ஆயில் போதுமான அளவு இருந்தாலும் அது 'குறைவு' என்று எடுத்துக்கொள்ளும். ஒரு முழுக் காலைப் பொழுதை இதற்கு இழந்திருக்கிறேன். மட்டம் பார்த்துத் தண்டவாளம் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

அடுத்தது பழைய பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் மோசம். ஈரம் கூடினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். ஒரு மாதம் தாண்டிய பெட்ரோலை நான் மிஷினில் ஊற்றுவதில்லை. வேலை முடிந்து சில நாள் சும்மா நிற்கப் போகிறது என்றால் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு இஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டரில் பிசின் தங்காது.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நனைந்திருக்கிறதா, கறுத்திருக்கிறதா என்று தெரியும். இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. இருக்கட்டும். பொறி வருகிறதா என்று பார்க்க, பிளக் துளைக்குப் பக்கத்தில் பிளக்கைப் பிடித்துக்கொண்டு கயிறு இழுக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. துளையிலிருந்து பெட்ரோல் ஆவி சீறும், பக்கத்தில் பொறி. தயவுசெய்து வேண்டாம். புதுப் பிளக் ஒன்று எப்போதும் பெட்டியில் இருந்தால் மாற்றிப் பார்த்துவிடலாம்.

ஓடிக்கொண்டே இருந்து அணைகிறது, அல்லது சத்தம் ஏறி ஏறி இறங்குகிறது

கால் மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு மூச்சு முட்டி நின்றால் டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியிலுள்ள காற்றுத் துளையை மரத்தூள் அடைத்திருக்கிறது. ஏறி இறங்கும் சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் கார்புரேட்டர் ஜெட்டில் (பெட்ரோல் வரும் நுண்துளை) அடைப்பு, அல்லது கவர்னர் (இஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) கம்பியில் தூள். காற்று வடிகட்டியை மர வேலையில் தினமும் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். கையேட்டில் போட்டிருக்கும் மணிக்கணக்கு தூசியில்லாத இடத்துக்கானது.

வேகம் போதவில்லை என்று கவர்னர் ஸ்பிரிங்கை வளைக்கச் சொல்லும் மெக்கானிக் உண்டு. கேட்காதீர்கள். இஞ்சின் நிமிடத்துக்கு 3600 சுற்றைத் தாண்டினால் சக்கரமும் பிளேடும் அவற்றுக்கு வகுத்த வேகத்தை மீறிவிடும். இப்போதே பிளேடு நொடிக்குச் சுமார் 25 மீட்டர் ஓடுகிறது. அது மணிக்கு 90 கிலோமீட்டர்.

இஞ்சின் நன்றாக ஓடுகிறது, பிளேடு மட்டும் சோர்கிறது

ரப்பர் கருகும் வாடை, கீச்சென்ற சத்தம். பெல்ட் வழுக்குகிறது. நிறுத்தம் செய்து, பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் தாழ்ந்தால் இறுக்குங்கள். பளபளவென்று தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பெல்ட் சரியாக இருந்தால் கிளட்ச். இதில் இருப்பது வேகம் ஏறினால் தானாகப் பிடிக்கும் கிளட்ச். பெட்ரோல் மிச்சம் பிடிக்க அரை த்ராட்டிலில் அறுத்தால் அது பாதி பிடித்து, பாதி நழுவிக் கருகும். பிளேடு மரத்தைத் தொடும் முன்பே முழு த்ராட்டில் கொடுத்துவிட வேண்டும்.

த்ராட்டிலை விட்ட பிறகும் பிளேடு ஊர்கிறது

இதை யாரும் கோளாறாகவே எடுப்பதில்லை. எனக்கு மிகவும் பயமான அறிகுறி இதுதான். வண்டியைப் பின்னுக்கு இழுக்கும்போதும் பலகையைத் தூக்கும்போதும் பிளேடு நின்றிருக்கிறது என்று நம்பித்தான் ஆட்கள் அருகில் வருகிறார்கள். சும்மா ஓடும் வேகம் 1400 சுற்றுக்கு அருகில் இருக்கிறதா பாருங்கள்; கூடியிருந்தால் குறையுங்கள். குறைத்தும் ஊர்ந்தால் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. மாற்றும்வரை அன்றைக்கு அறுப்பில்லை. கூலி ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தாலும் இல்லை.

பலகை அலை அலையாக வருகிறது

அதிகம் பேர் என்னைக் கேட்பது இதைத்தான். உடனே கை போவது இறுக்கும் திருகுக்கு. அது கடைசி வேலை. முதலில் தூளைக் கையில் எடுங்கள், பிளேடுக்குக் கீழிருந்து எடுக்காமல் குவியலிலிருந்து. மணல் போல் பரலாக இருந்தால் பல் வெட்டுகிறது. மாவாக இருந்தால் பல் மழுங்கிவிட்டது, அல்லது வண்டியை மிக மெதுவாகத் தள்ளுகிறீர்கள். அப்புறம் அறுத்த பலகையின் மேல் பாருங்கள். தூள் அப்பிக்கொண்டு சூடாக இருந்தால், பற்களை இடமும் வலமும் விரித்து வைக்கும் செட் குறைந்திருக்கிறது. தூள் தங்காமல் பல் கீறல் மட்டும் வரிவரியாகத் தெரிந்தால் செட் கூடிவிட்டது. லேசாகத் தூள் படிந்து, கை வைத்தால் இளஞ்சூடாக இருந்தால் பிளேடில் குறையில்லை. வேறு இடத்தில் தேடுங்கள்.

நம் ஊரில் பிளேடு மழுங்கப் பெரிய காரணம் செம்மண். வெட்டிய மரத்தை மாட்டைப் பூட்டியோ டிராக்டரைக் கட்டியோ தரையோடு இழுத்து வருகிறோம். பட்டையின் பிளவுகளில் செம்மண்ணும் சின்னச் சரளைக் கல்லும் புகுந்துகொள்கின்றன. ஒரே ஒரு அறுப்பில் பல் போய்விடும். பிளேடு நுழையும் பக்கத்துப் பட்டையை மட்டுமாவது அரிவாளால் சீவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பத்து நிமிட வேலை, ஒரு பிளேடு மிச்சம். கெட்டி மரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நான் ஒரே பிளேடில் ஓட்டுவதில்லை. கழற்றிச் சாணைக்கு அனுப்பிவிட்டு அடுத்ததை மாட்டுவேன்.

அலை எங்கே வருகிறது என்பதும் சேதி சொல்லும். கணு இருக்கும் இடத்தில் மட்டும் எகிறினால் அங்கே வேகத்தைக் குறையுங்கள். பிளேடு எப்போதும் ஒரே பக்கமாக, மேலேயோ கீழேயோ போனால் ஒரு பக்கத்துப் பல் மட்டும் மழுங்கியிருக்கிறது. ஆணியை உரசிய பிளேடு இப்படித்தான் நடக்கும். கூராக இருக்கும் பக்கமே அதை இழுக்கும். தொடக்கத்திலிருந்து முடிவுவரை அலை என்றால்தான் இறுக்கத்தைச் சந்தேகியுங்கள். பிளேடு சூடேறினால் நீளும், இறுக்கம் தானாகக் குறையும். இரண்டு மூன்று அறுப்புக்குப் பிறகு நிறுத்தம் செய்து இறுக்கம் காட்டும் அளவுமானியைப் பார்ப்பது நல்லது.

பிளேடைத் தாங்கும் ரோலர்களும் இருக்கின்றன. அவை பிளேடைச் சுமார் 6 மி.மீ. கீழே அழுத்திப் பிடிக்க வேண்டும். நகரும் ரோலரை மரத்துக்கு ஓர் அங்குலம்வரை நெருக்கி வைத்தால்தான் பிளேடு ஆடாது. பனையில் இது இன்னும் முக்கியம். அதன் வைரம் (கெட்டிப் பகுதி) வெளியே, சோறு (மென்மையான பகுதி) உள்ளே. மற்ற மரத்துக்கு நேர் எதிர். ஓரத்தில் பிளேடு ஏறி, நடுவில் இறங்கும். பனை வெட்டுவதென்றால் ஆட்சியர் அனுமதி தேவை என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்திருக்கிறார்கள். கையில் தாள் இல்லாமல் யார் கொண்டுவந்தாலும் நான் தொடுவதில்லை.

பலா வேறொரு வகையில் அலை கொடுக்கும். பால் பிளேடில் ஒட்டிக் காய்ந்து மேடு தட்டும். பலாப்பழம் நறுக்கும் முன் கையில் எண்ணெய் தடவுவோமே, அதே யோசனைதான் இங்கும். பிளேடின் மேல் விடும் தண்ணீர்ச் சொட்டில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி கலந்துவிடுங்கள். சிலர் டீசல் விடுகிறார்கள்; தூளில் டீசல் ஊறிக் கிடக்க, மேலே சூடான சைலன்சர். வேண்டாம்.

தீப்பொறி, 'கிணிங்' என்ற சத்தம்

இரும்பு. வண்டி தள்ளுவதை உடனே நிறுத்தி, த்ராட்டிலை விடுங்கள். கொஞ்சம்தானே மிச்சம் என்று தள்ளக் கூடாது. பிய்ந்த பல் தூள் போகும் வாய் வழியாகத்தான் பறக்கும். அந்தப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

செட்டிநாட்டு மரத்தில் இரும்பில்லாதது அபூர்வம். இடித்த வீட்டிலிருந்து வரும் பர்மாத் தேக்கு உத்தரத்தைப் பாருங்கள். ஆணியைப் பிடுங்கினோம் என்பார்கள், தலை மட்டும் முறிந்து உடல் உள்ளே இருக்கும். சுவரில் பதிந்திருந்த முனையில் சுண்ணாம்புக் காரை ஒட்டியிருக்கும். அதுவும் பல்லைத் தின்னும். நான் முனையை ஒரு சாண் அறுத்துத் தள்ளிவிட்டுத்தான் தொடங்குவேன். நின்ற மரத்திலும் உண்டு. கோயில் வேம்பில் வேண்டுதலுக்கு அடித்த ஆணி, சாலையோரப் புளியில் விளம்பரத் தகட்டின் ஆணி, பேய் ஓட்டி முடியோடு சேர்த்து அறைந்த ஆணி. மரம் உயரும்போது ஆணி கூடவே உயராது. அடித்த உயரத்திலேயே நிற்கும், தண்டு பருக்கப் பருக்க உள்ளே புதையும். ஆகவே அடிமரத்தின் முதல் ஏழடியில்தான் ஆபத்து அதிகம். விலை கூடிய பாகமும் அதுதான்.

கையடக்க உலோகம் காட்டும் கருவியால் எல்லாப் பக்கமும் தடவுங்கள். ஆனால் ஆழத்தில் இருப்பதை அது காட்டாது. வெட்டு முகத்தில் நீலம் கலந்த கறுப்புக் கறை இருந்தால் அந்த வரியில் இரும்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அந்த நிறம் வரும். இன்னொரு கருவி, வீட்டுப் பெரியவர்கள். கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் பின்கட்டுப் புளியை அறுக்கும் முன் கேட்டேன்.

"ஆச்சி, இதுல ஆணி கீணி அடிச்சிருக்காகளா?"

"ஆணியெல்லாம் இல்லப்பா. எங்க மாமியா இருந்தப்ப ஊஞ்சல் போட ஒரு கொக்கி திருகினாக. அது எங்க போச்சோ."

கருவி ஒன்றும் காட்டவில்லை. வெட்டு முகத்தில் மட்டும் கறை இருந்தது. அந்தப் பக்கத்தை உளியால் தோண்டினோம். அரைச் சாண் உள்ளே, சுண்டுவிரல் கனத்தில் ஒரு கொக்கி, துருப் பிடித்து முழுசாக இருந்தது. ஆச்சி அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

பிளேடு மரத்துக்குள் சிக்கிக்கொண்டது

சாய்ந்து வளர்ந்த மரத்தின் உள்ளே இழுவிசை இருக்கும். பாதி அறுத்ததும் பிளவு மூடிப் பிளேடைக் கவ்வும். வண்டியைப் பின்னுக்கு இழுத்தால் பிளேடு சக்கரத்தை விட்டு வரும். நிறுத்தம், பிறகு பிளவில் மர ஆப்பு. இரும்பு ஆப்பு வேண்டாம். பிளவு திறந்த பிறகு மெல்லப் பின்னெடுங்கள். அடுத்த அறுப்புக்குக் கட்டையைத் திருப்பிப் போட்டு எதிர்ப் பக்கத்திலிருந்து எடுத்தால் விசை சமமாகும்.

கட்டையே அசைந்திருந்தால் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்திருக்கும், அல்லது மழையில் இளகிய மண்ணில் தண்டவாளக் கால் புதைந்திருக்கும். காலுக்கடியில் அகலப் பலகை போடுங்கள். கட்டையை உருட்டும்போது பள்ளத்துப் பக்கம் எவரும் நிற்கக் கூடாது. 850 கிலோ உருண்டால் தடுக்க ஆள் பலம் போதாது.

பிளேடு இறங்கிவிட்டது, அல்லது அறுந்துவிட்டது

நிறுத்தம். என் விரலுக்காகவாவது இதைச் செய்யுங்கள். பிறகு சக்கரத்தின் மேலுள்ள ரப்பரோ பெல்ட்டோ தேய்ந்து பிளேடு இரும்பைத் தொடுகிறதா பாருங்கள். தொட்டால் பிளேடு நிற்காது, சீக்கிரம் விரிசலும் விடும். ரோலரின் பின் விளிம்புக்கும் பிளேடின் முதுகுக்கும் 2 மி.மீ. அளவு இடம் வேண்டும். முதுகு எப்போதும் உரசினால் அங்கிருந்தே விரிசல் தொடங்கும்.

அறுந்த பிளேடில் இரண்டு பல்லுக்கு நடுவிலுள்ள பள்ளத்தைப் பாருங்கள். பெரும்பாலும் விரிசல் அங்குதான். சாணையில் பல் முனையை மட்டும் தீட்டி, பள்ளத்தை விட்டுவிட்டால் பழைய கண்ணுக்குத் தெரியாத விரிசல் வளர்ந்துகொண்டே போகும். மாலையில் வேலை முடிந்ததும் இறுக்கத்தைத் தளர்த்தாமல் போவதும் காரணம். இரவில் பிளேடு குளிர்ந்து சுருங்கும், இறுக்கம் இன்னும் கூடும்.

பிளேடைச் சுருட்டுவதும் பிரிப்பதும் தனி வித்தை. பட்டை எஃகு சுருளுக்குள் விசையை அடக்கி வைத்திருக்கிறது. கட்டு அவிழ்ந்த கணம் அது பாம்பு போல் எழும். கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துப் பிரியுங்கள். அருகில் சிறுவர்கள் வேண்டாம். தோளில் துண்டும், தழையக் கட்டிய வேட்டியும் இந்த வேலை முழுவதிலும் கூடாது.

தலைவலி, கிறுகிறுப்பு, காதில் இரைச்சல்

இதுவும் அறிகுறிதான், மிஷினுக்குப் பதில் ஓட்டுபவர் உடம்பில் தெரிகிறது. வளவுக்குள்ளேயே வைத்து அறுங்கள், மேலே திறப்பாகத்தானே இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொல்வார். நான்கு பக்கமும் சுவர், நடுவில் வானம். காற்று ஓடாத நாளில் இஞ்சின் புகையின் கார்பன் மோனாக்சைடு அங்கேயே தேங்கும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலை வலித்தால் அணைத்துவிட்டு வெளியே வாருங்கள். மிஷினைத் தெருப் பக்கமோ தோட்டத்துக்கோ மாற்றுங்கள்.

வேம்பு அறுத்தால் தும்மலும் கண் எரிச்சலும் வரும் என்பது தெரிந்ததே. கெட்டி மரத்தூள் மூக்குப் பகுதியில் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. ஈரத் துணி கட்டுவது போதாது, தூசிக்கான முகக்கவசம் போடுங்கள். காதடைப்பும் அப்படியே. சாயங்காலம் வீட்டில் பேசுவது தூரத்தில் கேட்பதுபோல் இருந்தால் அன்று காதுக்குப் பாதுகாப்பு போதவில்லை.

கருகும் வாடை, புகை

சைலன்சர் மேல் தூள். நிறுத்தம் செய்து, ஆறிய பிறகு பிரஷ்ஷால் தட்டுங்கள். பெட்ரோல் ஊற்ற இஞ்சின் அணைந்து 15 நிமிடமாவது ஆக வேண்டும். ஆட்கள் டீ குடித்துவிட்டு வரும் நேரம்தான். கேனை மிஷினுக்கு அருகில் வைக்காதீர்கள், பீடியும் அப்படியே. ஒரு குடம் தண்ணீரும் ஒரு தீயணைப்பானும் தண்டவாளத்தின் முனையில் இருக்கட்டும். தூளை மூட்டை கட்டிக் கேட்பவர்கள் அன்றைக்கே எடுத்துப் போக நினைப்பார்கள். ஆணியில் உரசிய பொறி தூளுக்குள் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். குவியலை மண்வெட்டியால் பரப்பி, தண்ணீர் தெளித்து, அரை மணி கழித்து உள்ளே கையை வைத்துப் பார்த்து, மறுநாள் காலையில்தான் மூட்டை பிடிக்கச் சொல்கிறேன்.